லைப்ரரி காணவில்லை என்கிறது லினக்ஸ்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியன், மின்ட் பாவிக்கிறவர்கள் கேட்டவை இவை. லைப்ரரி என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்து பாவிக்கிற துணைக் கோப்பு. பொதி என்பது நிறுவுவதற்காகக் கட்டிய மூட்டை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

உப்புவெளி: அண்ணா, இறக்கின டெப் கோப்பை (பொதிக் கோப்பு) டிபிகேஜி கட்டளை மூலம் போட்டேன். டிபெண்டன்சி (அதற்கு வேண்டிய மற்றப் பொதி) இல்லை என்று பாதியில் நிற்கிறது. இப்போது வேறு எதையும் நிறுவவும் முடியவில்லை.

பதில்: தம்பி, கையில் கொடுத்த கோப்பை விரித்து வைப்பதோடு டிபிகேஜியின் வேலை முடிந்தது. அது கேட்கிற மற்றப் பொதிகளைத் தேடி எடுப்பது ஆப்ட். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதோடு ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ (--fix-broken) தெரிவைச் சேர்த்து ஓடவிடுங்கள். ‘யெஸ்’ கொடுக்க முதல் பட்டியலை வாசியுங்கள். தேவையானது கிடைக்காவிட்டால் நீங்கள் போட்ட பொதியையே அது நீக்கப் பார்க்கும். அடுத்தமுறை ஆப்ட் இன்ஸ்டாலிடமே கோப்பைக் கொடுங்கள். பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் வேண்டும், இல்லாவிட்டால் ஆப்ட் அதை இணையக் களஞ்சியத்தில் தேடப் போய்விடும்.

கிண்ணியா: சேர், உபுண்டு 22.04க்கு மாறிய பிறகு ஒரு பழைய மென்பொருள் லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை என்கிறது. என்னிடம் 3 இருக்கிறது. 1.1 என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்லிங்க் (அதே கோப்பைச் சுட்டும் இன்னொரு பெயர்) போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போட வேண்டாம். பெயர்ப்பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கிற சரக்கு மாறாது. அந்த எண் மாறியிருந்தால், பழையதை நம்பிக் கட்டிய மென்பொருளோடு புதியது ஒத்துப்போகாது என்று பொருள். பெரும்பாலும் தொடக்கத்திலேயே ‘வெர்ஷன் இல்லை’ என்று நிற்கும். ஓடத் தொடங்கி நடுவில் விழுந்தால் அது இன்னும் மோசம், காரணத்தைத் தேடியே களைத்துவிடுவீர்கள்.

லிப்எஸ்எஸ்எல் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஒரு பகுதி. உபுண்டு 20.04இல் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1, 22.04இல் 3. பழைய 1.1.1க்கான பொதுவான ஆதரவு 2023 செப்டெம்பரில் முடிந்தது. 20.04இன் பொதியைக் கொண்டுவந்து போட்டால் வேலை செய்யும், ஆனால் இது குறியாக்க லைப்ரரி, ஓட்டையை யாரும் அடைக்காமல் அது உங்கள் கணினியில் கிடக்கும். முதலில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பைத் தேடுங்கள். அல்லது ஃபிளாட்பேக்கில் (ஆப்ட் இல்லாமல் மென்பொருள் நிறுவும் இன்னொரு முறை) இருக்கிறதா பாருங்கள். அதற்கு வேண்டிய லைப்ரரிகள் அதனோடேயே வரும். வேறு வழியே இல்லையென்றால் பழைய கோப்பை அந்த மென்பொருளின் கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறையின் முகவரியை ‘எல்டி லைப்ரரி பாத்’ (LD_LIBRARY_PATH, இது மட்டும் பெரிய எழுத்தில்) என்ற சூழல் மாறியில் அதற்கு மட்டும் கொடுத்துத் தொடங்குங்கள். கணினி முழுவதற்கும் பொதுவான இடத்தில் வைக்க வேண்டாம்.

மூதூர்: எந்த லைப்ரரி குறைகிறது, அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மென்பொருளின் கோப்பை ‘எல்டிடி’ கட்டளையிடம் கொடுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும் வரிகள்தான் குறை. அப்புறம் ‘ஆப்ட்-ஃபைல்’ நிறுவி, ஒருமுறை அப்டேட் செய்து, அந்தப் பெயரைத் தேடினால் பொதி தெரியும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்பை மட்டும் எல்டிடியிடம் கொடுக்காதீர்கள், அதற்குள் இருக்கிறதை அது ஓடவிடவும் கூடும். அப்படியான கோப்புக்கு, ஓடவிடாமல் வாசிக்கிற ‘ஆப்ஜ்டம்ப்’ (objdump -p) போதும்.

தம்பலகாமம்: அண்ணா, ஜிலிப்சி 2.34 இல்லை என்று வருகிறது. இறக்கிப் போடட்டுமா?

பதில்: தொடாதீர்கள், தங்கச்சி. ஜிலிப்சி லினக்ஸின் அடிப்படை லைப்ரரி. எல்எஸ், சூடோ, ஆப்ட் எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. அது பிழையாகப் போனால் திருத்துவதற்குக்கூடக் கட்டளை மிஞ்சாது. 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் 2.35. உபுண்டுவையே உயர்த்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் பதிப்புக்குக் கட்டிய மென்பொருளை எடுங்கள்.

சாம்பல்தீவு: வீட்டில் போன் டேட்டா மட்டும்தான். டவுனில், உட்துறைமுக வீதியில் இருக்கிற நண்பர் வீட்டில் இறக்கிக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கணினியில் ஆப்ட் அப்டேட் மட்டும் டேட்டாவில் செய்யுங்கள். பிறகு ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டால்’ கட்டளையோடு ‘பிரின்ட் யுஆர்ஐஸ்’ (--print-uris) தெரிவைச் சேர்த்தால், குறைகிற ஒவ்வொரு பொதியின் முகவரியையும் எழுதிக் காட்டும். அந்தப் பட்டியலைப் பென் டிரைவில் கொண்டுபோய் இறக்குங்கள். வந்து எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து ஒன்றாக ஆப்ட் இன்ஸ்டாலிடம் கொடுங்கள்.

நண்பரின் கணினியில் கிடக்கிற பொதிகளை அள்ளி வர வேண்டாம். அவரிடம் 24.04 இருந்து உங்களிடம் 22.04 இருந்தால் பெயரே பொருந்தாது. 2038ஆம் ஆண்டு நேரச் சிக்கலுக்காக (பழைய முறையில் நேரத்தை எண்ணும் எண் அந்த ஆண்டில் நிரம்பிவிடும்) 24.04இல் பல லைப்ரரிப் பொதிகளின் பெயர் மாறியது. லிப்அசவுண்ட்2 அங்கே லிப்அசவுண்ட்2டி64.