அப்பாவுக்கு ஒரு சுவிஸ் கைக்கடிகாரம்

கேள்வி: தோட்டத்தில் 36 வருடங்கள் கணக்கப்பிள்ளையாக இருந்த என் அப்பா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். நானும் தம்பியும் சேர்ந்து அவருக்கு விலை உயர்ந்த சுவிஸ் மெக்கானிக்கல் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்க விரும்புகிறோம். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும், நேரமும் சரியாகக் காட்டாது என்று சிலர் தடுக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் தடுப்பவர்கள் சொல்லும் இரண்டும் உண்மை என்பதை அறிந்தே வாங்குங்கள். மெக்கானிக்கல் கடிகாரம் பட்டரியின்றி, முறுக்கிய வில்லின் விசையில் ஓடுவது. சாதாரண பட்டரிக் கடிகாரம் மாதம் முழுவதிலும் ஏறத்தாழ 15 விநாடிகள்தான் பிசகும். சுவிட்சர்லாந்தில் நேரத் துல்லியத்துக்காக க்ரோனோமீட்டர் என்று சான்று பெறும் மெக்கானிக்கல் இயந்திரத்துக்கோ, சராசரியாக ஒரே நாளில் 4 விநாடிகள் பிந்தவும் 6 விநாடிகள் முந்தவும் விதி இடம் கொடுக்கிறது. விடியற்காலைப் பெரட்டுக்கு (தொழிலாளர் வரவெடுப்புக்கு) நிமிடம் தவறாமல் நின்று பெயர் பதிந்த மனிதர், வானொலிச் செய்தியோடு நேரத்தை ஒத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் காசைக் கொடுத்து ஏமாந்துவிட்டார்களே என்று மனதுக்குள் வருந்திக்கொண்டிருக்கக் கூடாது. கொடுக்கும்போதே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் அதை வானொலிப் பெட்டியின் மேலோ கைத்தொலைபேசியின் அருகிலோ வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் உள்ளிருக்கும் மெல்லிய சுருள்வில்லைப் பாதித்தால் கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கும்.

கை அசைவில் தானாகவே முறுக்கேறும் ஒட்டோமெட்டிக் வகையில், தேவைப்படும்போது பக்கத்திலுள்ள திருகியைச் சுழற்றிச் சாவி கொடுக்கவும் வசதியுள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன். மலை ஏறி இறங்கிய கை ஓய்வுக்குப் பின் அவ்வளவு அசையாது. பல இயந்திரங்கள் முழு முறுக்கில் சுமார் 40 மணித்தியாலங்கள் ஓடும். டிசோ நிறுவனத்தின் பவர்மெட்டிக் 80 போன்ற இயந்திரங்கள் 80 மணித்தியாலங்கள் வரை ஓடும்.

உங்கள் பக்கத்து மழையையும் பனிமூட்டத்தையும் கடைக்காரர் நினைத்துப் பார்க்கமாட்டார்; நீங்கள்தான் நினைக்க வேண்டும். நீர் தாங்கும் அளவாக 30 மீற்றர் என்று பொறித்திருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே பொருள். 100 மீற்றர் என்று குறித்த, பக்கத் திருகியை மரைபோல் முடுக்கி மூடும் வகையானதைக் கேளுங்கள். தோல் பட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். எஃகுப் பட்டியே நல்லது.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பராமரிப்பு. ஏறக்குறைய ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயிட வேண்டும். பட்டரி மாற்றிக் கொடுக்கும் எல்லாக் கடைகளிலும் இது முடியாது. ஆகவே, இலங்கையில் அந்த வர்த்தகப் பெயருக்கு அதிகாரம் பெற்ற முகவர் யார், பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார், கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். அந்தச் செலவைப் பிள்ளைகள் இருவரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால், ஓய்வூதியமில்லாத ஒரு தகப்பன் சேமலாப நிதிப் பணத்திலிருந்து அதை எடுக்கத் தயங்கி, நின்றுபோன கடிகாரத்தை அலுமாரியில் பூட்டி வைத்துவிடுவார். அதற்கு இடம் கொடாதீர்கள்.

உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா, அதிலுள்ள தொடர் இலக்கம் கடிகாரத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்மூடியில் அவர் பெயரைப் பொறிப்பதானால், அவர் ஓரிரு வாரங்கள் கட்டிப் பார்த்த பின் செய்யுங்கள். பொறித்துவிட்டால் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.