மாத்திரையைத் தொடாத கணவர், மருந்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறவர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ரப்பர் பால் வெட்டுகிறார். சுகர் வந்து எட்டு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சேர்ந்த மாத்திரையை முதலில் ஒழுங்காகத்தான் போட்டார். ஒருநாள் தோட்டத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டாராம். அதன் பிறகு மாத்திரையைத் தொடுவதில்லை. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 10.2. சொன்னால், “எனக்கு ஒண்ணும் செய்யல்ல, நீ பேசாம கெட” என்கிறார். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சாப்பிட உட்கார்ந்தாலே சண்டைதான்.
— பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: சகோதரி, உங்கள் கணவரை அலட்சியக்காரர் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அவர் பயந்துபோயிருக்கிறார். பயந்ததில் நியாயமும் இருக்கிறது.

கிளிமிப்ரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. பால் வெட்டப் போகிறவர் விடிவதற்கு வெகுமுன்பே வெறும் சாயாவோடு கிளம்பி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, கஞ்சி குடிக்க வரும்போது பத்து மணி தாண்டிவிடும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு அந்த வேலையைச் செய்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கத்தான் செய்யும். ‘காலையில் ஒன்று’ என்று சீட்டில் எழுதியவருக்கு உங்கள் வீட்டுக் காலை எத்தனை மணிக்கு விடிகிறது என்று தெரிந்திருக்காது.

எனவே அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். எழுந்திருக்கும் நேரம், முதல் சாப்பாட்டு நேரம், நடுக்கம் வந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாத்திரையை முதல் சாப்பாட்டு வேளைக்கு மாற்றவோ, சர்க்கரையை இப்படித் தாழ்த்தாத வேறு மருந்து தரவோ டாக்டரால் முடியும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் பொதுவாக இந்தத் தாழ்வு வராது. நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

அவருடைய சட்டைப் பையில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மூன்று தேக்கரண்டி சீனியானாலும் சரி. நடுக்கமோ குளிர்ந்த வியர்வையோ வந்தால் உடனே சாப்பிட்டு, உட்கார்ந்து, 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் கஞ்சியோ பிஸ்கட்டோ சாப்பிட்ட பிறகுதான் வெட்டுக்கத்தியை எடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லி வையுங்கள். நெடுநாள் 250, 300-லேயே இருந்த உடம்பு, சர்க்கரை 110-க்கு வரும்போதும் சில வாரம் நடுங்கும். அது ஆபத்தான தாழ்வு அல்ல, உடம்பு பழகுகிறது. எது எது என்று குளுக்கோமீட்டர் வைத்துத்தான் தெரியும். நடுங்கும்போது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

‘ஒண்ணும் செய்யல்ல’ என்பதற்கு வருவோம். 10.2 என்றால் மூன்று மாதமாக நூறு மில்லி ரத்தத்தில் சராசரியாக 246 மில்லிகிராம் சர்க்கரை ஓடியிருக்கிறது. இது வலிக்காது. கண்ணும் சிறுநீரகமும் கெடத் தொடங்கும்போதும் வலிக்காது. காலிலோ, வலி தெரியாமல் போவதே நோய்தான். ரப்பர் தோட்டத்தில் நடக்கிறவருக்கு நாங்கள் முதலில் அஞ்சுவது இதைத்தான். அட்டைக் கடி, முள், தேய்ந்த செருப்புக்குள் புகுந்த சிரட்டைத் துண்டு எதுவும் உறைக்காது. நாலு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் வீட்டுக்கே தெரியவரும்.

தினமும் சாயங்காலம் கால் கழுவியதும் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு செல்போன் வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், இடுக்கு என்று நீங்களே பாருங்கள். குதிகால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம். இடுக்கில் தடவினால் ஈரம் தங்கிப் புழுங்கிப் புண்ணாகும். ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, சிவந்தாலோ, நிறம் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பச்சிலை, மண்ணெண்ணெய், வெந்நீர் ஒற்றடம் எதுவும் வேண்டாம். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைத்து வெந்துபோனவர்கள் உண்டு.

மரச்சீனியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கடையில் போய்ச் சாப்பிடுவார். வேகவைத்த கிழங்கு நூறு கிராமில் ஏறக்குறைய 35 கிராம் மாவுச்சத்து. அதே எடைச் சோற்றில் 28. கிழங்கு வைக்கிற வேளையில் சோறு கிடையாது, கிழங்கும் நூறு கிராம், மீன் தாராளம், தட்டில் பாதி கீரையோ அவியலோ. வீட்டில் எல்லோருக்கும் அதே தட்டுதான். அவருக்கு மட்டும் தனிப் பானை வைத்தால் நோயாளியாக்குகிறீர்கள் என்று கோபம் வரும். கருப்பட்டியும் சர்க்கரைதான். அக்கானி (பதநீர்) ஒரு தம்ளரில் நாலைந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். இதையெல்லாம் சாப்பிட உட்காரும்போது பேசாதீர்கள், வேறு நேரம் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் விசைப்படகில் ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர், ஒரு மாதத்துக்கு மேலாகும். காலையில் 20, இரவில் 14 யூனிட் கலப்பு இன்சுலின். “படகில எங்க வைக்க?” என்று இன்சுலின் பேனாவை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார்.
— தூத்தூர்

பதில்: அவர் கேட்பது சரியான கேள்வி. படகில் இன்சுலின் கெடுகிற இடங்கள் இரண்டு: எஞ்சின் பக்கத்துச் சூடு, மீன் வைக்கிற ஐஸ். ஐஸைப் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது, கடாசிவிட வேண்டியதுதான்.

பயன்பாட்டில் இருக்கிற பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே வைக்கலாம். பெரும்பாலான கலப்பு இன்சுலின்கள் 28 நாள் தாங்கும். உங்கள் மருந்தின் தாளையும் பாருங்கள். பிரிக்காததற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். அகன்ற வாய் ஃபிளாஸ்கில் ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி அடியில் போட்டு, மேலே தடித்த துண்டை மடித்து வைத்து, அதன்மேல் சிறு டப்பாவில் இன்சுலின். ஐஸ் டப்பாவைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு சிறு தெர்மாமீட்டர் போட்டு வைத்தால் சந்தேகமே இல்லை. ஐஸ் உருக உருக மாற்ற வேண்டும்.

எத்தனை வேண்டும்? தினம் 34 யூனிட். ஒவ்வொரு முறையும் ஊசி சரியாக வருகிறதா என்று வெளியே விடுகிற 2 யூனிட்டையும் சேர்த்தால் 38. பேனாவுக்குள் போடுகிற மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், ஒன்றில் 300. முப்பத்தைந்து நாளுக்கு ஐந்து, கையிருப்புக்கு ஒன்று, ஆக ஆறு. ஊசி முனை எழுபதுக்கு மேல். குத்துவதற்கு முன் உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் சாய்த்தால் பால்போல் சீராக வர வேண்டும். கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் வெண்மையாக ஒட்டினாலோ அது வேண்டாம். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டிப்பட்டு மருந்து ஏறாது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிக் குத்தட்டும்.

பேனாவுக்குப் பதில் குப்பி மருந்து கிடைத்தால் சிரிஞ்சைக் கவனியுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு சிரிஞ்சால் 40 குப்பியில் 20 கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான்.

கூடப் போகிறவர்களில் ஒருவருக்காவது இவருக்குச் சுகர் என்று தெரிந்திருக்க வேண்டும். மயங்கினால் ‘குடித்திருக்கிறான்’ என்று விட்டுவிடக் கூடாது. வாந்தி எடுத்தாலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. அந்த நாட்களுக்கு எத்தனை யூனிட் என்று கிளம்புமுன்பே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மனைவி முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறாள். மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலங்குகிறதாம். வேலை நாளில் மாத்திரையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.
— மார்த்தாண்டம்

பதில்: ஆலையில் அடிக்கடி எழுந்து போக முடியாது என்பதால்தான் இரண்டையும் விடுகிறார். மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினைக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்று ஆரம்பித்து, சில வாரங்களில் படிப்படியாக அளவைக் கூட்டினால் பெரும்பாலோருக்கு வயிறு ஒத்துப்போகும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும். தொற்று வந்தால் சர்க்கரை இன்னும் ஏறும். மாத்திரை வாங்கப் போக நேரமில்லையென்றால், 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, சிறுநீரகத்தைப் பார்க்கச் சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற கண் பரிசோதனை மூன்றும் வேண்டும். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்றைக்கு நீங்கள் விடுப்பெடுத்துக் கூடப் போங்கள். காலைச் சமையலில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால், அவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம்.