கோழிய வெரட்டாதீங்க: கூட்டுக்கும் மேய்ச்சலுக்கும் நடுவுல, ஒரு கேள்வி பதில்

வணக்கம். பள்ளத்தூர் பக்கம் எங்க வீட்டுக் கொல்லையில சிறுவிடை நாட்டுக்கோழி 34 உருப்படி ஓடுது, வளக்க ஆரம்பிச்சு வருஷம் இருவது ஆச்சு. கோழிய கூட்டுலேருந்து மேய விடுறது, சாயங்காலம் திரும்ப அடைக்கிறது, இத பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கோட்டையூர் தம்பி: அக்கா, சந்தையில எட்டு கோழி வாங்கிட்டு வந்து மறுநாளே தொறந்து விட்டேன். சாயங்காலம் மூணுதான் திரும்புச்சு, மத்தது பக்கத்து வீட்டு முருங்கையில ஏறிக்கிச்சு. கம்ப எடுத்து வெரட்டுனா இன்னும் தூரமா ஓடுது.

மொதல்ல அந்தக் கம்ப கீழ போடுங்க தம்பி. வெரட்டி அடைச்ச கோழிக்கு கூட்டப் பாத்தாலே பயம் வந்துரும், அப்பறம் தெனமும் வெரட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். கோழிக்கு வீடுன்னா ராத்திரி தூங்கி காலையில முழிச்ச எடம், அம்புட்டுதான். புதுசா வந்தத கொறஞ்சது ஏழு நாள் கூட்டுக்குள்ளயே வச்சு தீனி தண்ணி எல்லாம் உள்ளயே குடுங்க (வீட்டுல பழைய கோழி இருந்தா புதுச தனியா ரெண்டு வாரம், சந்தையிலேருந்து நோயும் சேந்து வரும்). எட்டாம் நாள் மத்தியானத் தீனிய நிறுத்திட்டு, இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது பசியோட தொறந்து விடுங்க. தூரம் போக அதுக்கு நேரம் இருக்காது, நீங்க கம்பு தானியம் போட்ட தகர டப்பாவ ஆட்டி "பா பா பா"ன்னு கூப்பிட்டா பசிக்கு உள்ள வந்துரும். மறுநாள் அரை மணி முன்னாடி, அடுத்த நாள் இன்னும் அரை மணி முன்னாடின்னு பைய கூட்டிக்கிட்டே போங்க. டப்பா எப்பவும் அதே டப்பாவா இருக்கணும், அந்தத் தீனி கூட்டுக்குள்ள மட்டுந்தான் விழணும், ஒரு நாளும் சும்மா ஆட்டி ஏமாத்தக் கூடாது. இப்ப முருங்கையில இருக்குறத நல்லா இருட்டுனப்பறம் எடுங்க, இருட்டுல கோழிக்கு கண்ணு சரியாத் தெரியாது, சத்தமில்லாம கைக்கு வரும். ஏணி வச்சு எடுங்க, முருங்கைக் கொப்புல கால வச்சிராதீங்க, ஒடிஞ்சிரும்.

காரைக்குடி தங்கச்சி: காலையில எத்தன மணிக்குக்கா தொறக்கணும்? நேரத்தோட தொறந்தா முட்டைய புதர்ல போட்டுட்டு வருது.

நல்ல கேள்வி. முட்டை பெரும்பாலும் காலையிலதான் விழும், அதனால மழைக்காலத்துலயும் மார்கழி தையிலயும் நான் பத்து மணிக்கு மேலதான் தொறப்பேன். ஆனா சித்திரை வைகாசியில பத்து மணிக்கு தொறந்தா நம்ம ஊர் செம்மண் தரை சட்டியா கொதிக்கும், கோழிக்கு வேர்க்காது, வாயத் தொறந்து எளச்சுத்தான் சூட்ட எறக்கணும். அதனால கோடையில ரெண்டு தவணையா விடுறேன், கருக்கல்ல ஆறு மணிக்கு தொறந்து எட்டு மணிக்கெல்லாம் டப்பாவ ஆட்டி உள்ள கூப்பிட்டுருவேன், உள்ள வந்து முட்டை போடும், மறுபடி நாலரைக்கு மேல வெளிய. முட்டை போடுற எடத்துல ஒரு கூமுட்டைய அடையாளத்துக்கு விட்டு வைங்க. கோடையோ மழையோ, மண்சட்டியில தண்ணிய நெழல்ல வைங்க, வெயில்ல வச்ச தண்ணி சுடுதண்ணி ஆயிரும்.

தேவகோட்டை அண்ணன்: எங்க கோழி கூட்டுக்கு வராம மாமரத்துல தூங்குதும்மா.

மேல கோட்டையூர் தம்பிக்கு சொன்னதுதாண்ணே. கூட்டுக்குள்ள ஏறி உக்கார கம்பு கட்டியிருக்கீங்களான்னு பாருங்க, தரையில படுக்கச் சொன்னா அது மரத்தத்தான் தேடும். நம்ம பழைய வீட்டு ஓட்டுல எல்லாம் மரநாய் குடியிருக்கு, மரத்துல தூங்குற கோழி அதுக்கு சுலபம்.

புதுவயல் தம்பி: கூடு ஒரு பக்கம், மேயுற தோட்டம் தெருவுக்கு அங்கிட்டு. கால சேத்துப் பிடிச்சு தலகீழா தூக்கிட்டுப் போறேன், சரியா?

சரியில்ல தம்பி. டப்பா சத்தத்துக்குப் பழக்கி நடத்திக் கூட்டிட்டுப் போங்க, முடியலன்னா கூடையில வச்சு தூக்குங்க.

கண்டனூர் மாமா: எங்க அய்யா காலத்துலேருந்து தலகீழாத்தான் தூக்குறோம். கோழி அமைதியாத்தானே வருது?

மாமா, அது அமைதி இல்ல, பயத்துல மூச்சு முட்டி அடங்கிப் போயிருக்கு. நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒன்னு குறுக்க இருக்கு, கோழிக்கு அப்பிடி இல்ல, தலகீழா தொங்குனா கொடலு, கல்லீரல் எல்லாம் காத்துப்பை மேல எறங்கி அழுத்தும். முட்டை போடுற கோழின்னா வயித்துக்குள்ளயே முட்டை ஒடஞ்சு செத்துப் போனாலும் போகும்.

கண்டனூர் மாமா: சந்தையில அம்புட்டு வியாபாரியும் அப்பிடித்தான் தூக்குறான். ஒருத்தனுக்கும் தெரியாதா?

வியாபாரிக்கு அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் கோழி உசுரோட இருந்தா போதும், நமக்கு ரெண்டு வருஷம் முட்டை போடணும். சண்டைக்கு விடுற கட்டுச்சேவல் வளக்குறவங்கள பாருங்க, சேவல கக்கத்துல அணைச்சுத்தான் எடுத்துட்டு வருவாங்க, ஒருத்தரும் தலகீழா தொங்க விட மாட்டாங்க. நான் ஆரம்பத்துல ஒரு வெடக்கோழிய மொபெட் கைப்பிடியில தலகீழா கட்டிக்கிட்டு வந்தேன், எறக்குறப்ப தொடை எலும்பு வெலகியிருந்துச்சு, நாலு நாள் தீனி எடுக்காம செத்துப் போச்சு. இன்னைக்கும் அந்தக் கண்ணு எனக்கு மறக்கல. அதோட 1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல கோழியும் அடக்கம், வலி உண்டாகுற மாதிரி கொண்டு போறதே குத்தம்.

கண்டனூர் மாமா: சரிம்மா, அஞ்சு கோழிய ஒரே தடவையில கொண்டு போகணும்னா?

மூடி போட்ட மூங்கில் கூடை மாமா. ஒன்னா இருந்தா ஒரு கைய நெஞ்சுக்கு அடியில குடுத்து, விரலுக்கு நடுவுல ரெண்டு காலையும் பிடிச்சு, இன்னொரு கையால றெக்கைய மூடி அணைச்சுக்குங்க.

சாக்கோட்டை தம்பி: கோழி வெள்ளையா கழியுது, றெக்கை தொங்குது, என்ன மருந்து?

இங்க கேட்டு நேரத்த விடாதீங்க, இப்பவே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அந்தக் கோழிய தனியா வைங்க, மத்தத மேய விடாதீங்க. வருஷா வருஷம் பிப்ரவரியில அரசாங்கம் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு தடுப்பூசி முகாம் போடுது, காசு கிடையாது, அத விட்டுராதீங்க.

ஆத்தங்குடி தம்பி: அக்கா, புதுக்கோழி கூட்டுக்குத் திரும்ப மாட்டேங்குது.

ஏழு நாள். மேல இருக்கு, தயவு செஞ்சு படிச்சுட்டு வாங்க.

குன்றக்குடி ஆச்சி: தோட்டத்துக்கு மயில் வந்து கோழித் தீனிய திங்குது தாயி.

தீனிய கூட்டுக்குள்ள மட்டும் போடுங்க ஆச்சி, வெளிய ஒரு மணி கூட செதறாம இருந்தா மயிலு அதுவா வரத்து கொறஞ்சிரும். வெரட்ட வேண்டாம், அதுக்கும் இதே கழிச்சல் வரும், ரெண்டும் ஒரே தட்டுல கொத்தாம பாத்துக்குங்க.

அரியக்குடி தம்பி: ஒரே எடத்துல மேய விடலாமா?

வேண்டாம். மண்ணுல எச்சம் சேந்து குடல்புழு முட்டை தங்கும். கொல்லைய வலை கட்டி மூணாப் பிரிச்சு ஒன்ன மட்டும் தொறந்து விடுங்க, அடுத்ததுக்கு மாத்துனா பழசு ஒரு மாசமாவது சும்மா கெடக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில ஈரம் தேங்குற பக்கம் குஞ்சுகள விடவே விடாதீங்க, ரத்தக்கழிச்சல் வரும்.

சிராவயல் தம்பி: சாயங்காலம் கோழி அடைய மாட்டேங்குதுக்கா, கம்பு வச்சு...

கம்ப கீழ போடுங்க!

கானாடுகாத்தான் தங்கச்சி: தாய்க்கோழி ஒன்பது குஞ்சு பொரிச்சிருக்கு, எப்ப மேய விடலாம்?

மொத ரெண்டு வாரம் பஞ்சாரத்துக்குள்ளதாம்மா (கோழி மேல கவுத்து வைக்கிற கூடை). காலையில பனி காஞ்சப்பறம் பஞ்சாரத்த வேப்பமர நெழலுக்கு மாத்துங்க, தெனமும் ஒரு எடம். கவுத்துறதுக்கு முன்னாடி அந்த மண்ண குச்சியால கிண்டிப் பாருங்க, எறும்புப் புத்து இருந்தா குஞ்சு தப்பிச்சு ஓட முடியாது. அப்பறம் வெளிய விடுறப்ப காக்காயும் வல்லூறும் பாத்துக்கிட்டே இருக்கும், மொத பத்து நாள் யாராச்சும் ஒருத்தர் கொல்லைப் படியில உக்காந்திருங்க.