பயம் ஒரு வேலை, கோபம் ஒரு வேலை: 2001க்குப் பிந்தைய அமெரிக்கா பற்றிய கேள்வி பதில்

கே: சார், பயங்கரவாத எச்சரிக்கைக்கு அமெரிக்காவில் நிறம் வைத்தார்களாமே?

ப: ஆமாம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 மார்ச்சில். ஆபத்து குறைவு முதல் அதிகம் வரை பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து. 2011ல் கைவிடும்வரை நாட்டுக்கான நிறம் ஒருநாள்கூட மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. 2003 பிப்ரவரியில் ஆரஞ்சு வந்தது. விஷவாயுத் தாக்குதல் நடந்தால் ஜன்னலை அடைக்க பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் வாங்கி வையுங்கள் என்றார்கள். பல கடைகளில் டேப் தீர்ந்துபோனது. எங்கே, எப்போது என்று சொல்லாமல் ஜாக்கிரதை என்று மட்டும் சொன்னால் பாவம், ஜனங்கள் வேறென்ன செய்வார்கள்?

கே: தேர்தலுக்காக நிறத்தை ஏற்றினார்களா?

ப: 2004 தேர்தலுக்குச் சற்று முன் ஏற்றச் சொல்லி அழுத்தம் வந்ததாக, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முதல் அமைச்சர் டாம் ரிட்ஜ் பிறகு எழுதினார். இது பாதுகாப்பா, அரசியலா என்று அவருக்கே சந்தேகம். ஏற்றவில்லை.

கே: அண்ணா, பயமும் கோபமும் ஒன்றுதானே?

ப: இல்லை தம்பி. பலரும் இதில்தான் குழம்புகிறார்கள். தாக்குதலுக்குப் பிந்தைய வாரங்களில் உளவியல் ஆய்வாளர் ஜெனிஃபர் லெர்னர் குழு அமெரிக்கர்களிடம் ஆய்வு செய்தது. பயத்தைத் தூண்டினால் ஆபத்து பெரிதாகத் தெரிந்தது; கோபத்தைத் தூண்டினால் சிறிதாகத் தெரிந்தது. பயந்தவன் 'காப்பாற்றுங்கள்' என்று அதிகாரத்தைக் கொடுப்பான். ஆறே வாரத்தில், கண்காணிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கூட்டித் தந்த பேட்ரியாட் சட்டம் வந்ததே, செனட்டில் 98க்கு 1! கோபக்காரனுக்கோ போர்கூடச் சுலபமாகத் தெரியும். ஈராக் போருக்கு இரண்டையும் கலந்தார்கள். ஆதாரத்துக்குக் காத்திருந்தால் அது அணுகுண்டுப் புகையாக வந்து நிற்கும் என்ற பொருளில் 2002 செப்டம்பரில் பேசினார் அதிபர் புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ். கடைசியில் அங்கே அணு ஆயுதமும் இல்லை, ஒன்றும் இல்லை.

கே: அப்போ பயமே பொய்யா?

ப: கிட்டத்தட்ட 3,000 பேர் செத்த ஊரில் போய் அப்படிச் சொல்ல முடியுமா? பயம் நிஜம். அதற்கு எந்த முகவரி எழுதி அனுப்பினார்கள் என்பதுதான் என் சண்டை. செப்டம்பர் 11க்கும் ஈராக்குக்கும் என்ன சம்பந்தம்?

கே: எதிர்த்தவர் யாருமே இல்லையா?

ப: தாக்குதல் நடந்த மூன்றாம் நாளே படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது நாடாளுமன்றக் கீழவையில் 420 பேர் ஆதரவு, உறுப்பினர் பார்பரா லீ ஒருவர் மட்டும் எதிர்ப்பு. கொலைமிரட்டல் குவிந்தது. அடுத்த வருடத் தேர்தலில் ஜெயித்தும் விட்டார்.

கே: எல்லாம் புஷ் கட்சியின் வேலைதானே?

ப: அதுதான் இல்லை. பேட்ரியாட் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2011ல் நீட்டித்தவர் எதிர்க்கட்சியிலிருந்து வந்த அதிபர் ஒபாமா. அன்று அவர் பிரான்சில் இருந்தார்; கையெழுத்துப் போட்டது ஒரு இயந்திரம்.