யாக்கோபு என்றால் ‘ஏமாற்றுக்காரன்’ தானா?

மகனுக்கு யாக்கோபு என்று பேர் வைக்கலாமா, ‘எத்தன்’ என்று அர்த்தமாமே, மாமியார் வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள்.

எபிரெயத்தில் ‘ஆகேவ்’ என்றால் குதிகால். பைபிளில் இரட்டையரில் இளையவனான யாக்கோபு அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் அந்தப் பேர் (ஆதியாகமம் 25:26). ‘ஏமாற்றினான்’ என்ற பொருள் ஏசாவின் வாயிலிருந்து வருகிறது (27:36). அப்பாவின் ஆசீர்வாதத்தைத் தம்பியிடம் பறிகொடுத்த ஆத்திரத்தில் தம்பி பேரை வைத்தே சொல்லும் குத்தல் அது. கோபத்தில் அண்ணன் சொன்னதை அகராதியாக எடுத்துக்கொண்டால் எப்படி?

அறிஞர்கள் பலர் இன்னொன்றும் சொல்கிறார்கள்: இது ‘யாக்கோப்-ஏல்’ என்பதன் சுருக்கம், ‘கடவுள் காப்பாராக’ என்று பொருள். எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோஸ் அங்குள்ள கர்னாக் கோயிலில் பொறித்த ஊர்ப் பட்டியலில்கூட அதே வடிவில் ஒரு பேர் உண்டு. மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், இயேசுவின் சீடர்களிலேயே இரண்டு யாக்கோபு! ஆங்கிலத்தில் ஜேம்ஸ், போர்த்துகீசிய வழியாக நம் ஊர் சந்தியாகு, கேரளத்துச் சாக்கோ எல்லாம் இதே பேர்தான். யாக்கோபு பழைய பாணியாகத் தோன்றினால் எனக்குப் பிடித்தது சந்தியாகு.