கண்காட்சியில் காட்டிவிட்ட கருவிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: நான் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் பொறியாளர். சொட்டுநீர்க் குழாயில் பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற கரைசல்களை அளவு மாறாமல் செலுத்தும் தானியங்கிக் கருவி ஒன்றையும், மின் இணைப்பு இல்லாத தோட்டத்தில் அதை இயக்குவதற்காகக் கையில் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி ஒன்றையும் விடுமுறை நாட்களில் வீட்டிலேயே செய்திருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு வேளாண் கண்காட்சியில் இரண்டையும் வைத்தேன். 7 நிமிட வீடியோ ஒன்றும் யூடியூபில் இருக்கிறது. 48,000 ரூபாய் கொடுத்தால் இரண்டுக்கும் சேர்த்து 15 நாளில் காப்புரிமை (பேட்டன்ட்) சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். வெளியே காட்டிவிட்டதால் என் உரிமை போய்விட்டதா? இவரை நம்பலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய வரைபடங்களையும் வீடியோவையும் பார்த்தேன். உங்கள் உரிமை போய்விடவில்லை என்றே கருதுகிறேன்; சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை வீடியோவில் சொல்ல மறந்ததால் தப்பித்தீர்கள். ஆலோசகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கருவியில் எது புதியது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உருளைகள் ரப்பர் குழாயை நசுக்கி நசுக்கிக் கரைசலைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் மிகப் பழையது. அதனுடன் ஒரு கன்ட்ரோலரையும் கைப்பேசிச் செயலியையும் இணைப்பது இன்று கல்லூரி மாணவர்களும் செய்கிற வேலை. தெரிந்த பொருள்களை ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் தன் வழக்கமான வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பே ஆகாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு சொல்கிறது. கணினி நிரலை மட்டும் கோர 3(கே) பிரிவு இடம் தராது. நீங்கள் எழுதிய விண்ணப்ப வரைவில் செயலிக்கு மட்டும் மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அவற்றைக் கிழித்துப் போட்டாலும் குறையொன்றும் இல்லை.

உண்மையான சரக்கு உங்கள் வரைவின் பதினோராம் பக்கத்தில் நான்கே வரியில் ஒளிந்திருக்கிறது. நாள்கணக்கில் நசுங்கிய ரப்பர் குழாய் தளர்ந்து, பழையபடி உப்பி எழாமல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைவாகத் தள்ளத் தொடங்கும். தண்ணீராக இருந்தால் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வைத்து அந்தக் குறைவைக் கண்டுபிடித்துவிடலாம். மீன் அமிலத்தை விட்டால் அந்த மீட்டர் சில நாட்களில் அடைத்துக்கொள்ளும். நீங்கள் மீட்டரையே எடுத்துவிட்டு, உருளை குழாயின் மேல் ஏறும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு உயர்கிறது என்பதை மட்டும் கவனிக்கிறீர்கள். குழாய் தளரத் தளர அந்த ஏற்றம் தணிகிறது, அதற்கேற்ப மோட்டாரின் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். கரைசலைத் தொடாமலே கரைசலை அளக்கிற இந்த முறைதான் உரிமை கோரத் தக்கது. இதையே முதல் உரிமைக்கோரலாக (எதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லும் வாசகமாக) வைத்து, மோட்டார், மின்னோட்ட உணரி (சென்சார்), குழாய், உருளை என்று பொருள்களின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். நான்காவது நிமிடத்தில் மூடியைத் திறந்து காட்டுகிறீர்கள். சர்க்யூட் போர்டும் அதன் ஓரத்தில் கறுப்பு நிறத்தில் ஒரு சிறிய உணரியும் தெரிகின்றன. ஆனால் அந்த உணரி எதற்காக என்று ஓரிடத்திலும் நீங்கள் சொல்லவில்லை. பார்த்த ஒருவர் அதைக் கொண்டே உங்கள் முறையைச் செய்து பார்த்துவிட முடியாது. ஆகவே மையமான கருத்து இன்னும் வெளியாகவில்லை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. கண்காட்சியில் வந்து கேட்டவர்களிடம் வாய்மொழியாக என்ன விளக்கினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்; அதை, விண்ணப்பத்தை எழுதப்போகும் காப்புரிமை முகவரிடம் மறைக்காதீர்கள்.

'கண்காட்சியில் காட்டினாலும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இந்த அரைகுறைச் செய்தியால் உரிமையை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். 31ஆம் பிரிவு தரும் 12 மாத அவகாசம் எல்லாக் கண்காட்சிகளுக்கும் உரியது அல்ல. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, 'இந்தக் கண்காட்சிக்கு இந்தப் பிரிவு பொருந்தும்' என்று சொல்லியிருந்தால் மட்டுமே அது கிடைக்கும். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார், அரசுத் துறை அரங்கம் அமைத்தது, நுழைவாயிலில் அரசு முத்திரை இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. அரசிதழ் அறிவிக்கை இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. அறிவிக்கை இருந்தாலும் 12 மாதம் கண்காட்சி தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும், முடிந்த நாளிலிருந்தோ நீங்கள் அரங்கம் அமைத்த நாளிலிருந்தோ அல்ல. போதாக்குறைக்கு, 2024ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி இந்தச் சலுகையைக் கேட்டுப் பெறவே 31ஆம் எண் படிவம் ஒன்றைக் கட்டணத்துடன் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் யூடியூப் வீடியோ கண்காட்சியின் விளைவாக வெளியானதா, தனியாக நீங்களே வெளியிட்டதா என்ற சிக்கல் அதற்கு மேல். கண்காட்சி ஏற்பாட்டாளர்களைக் கேட்டுப் பாருங்கள். அரசிதழ் என்ற சொல்லையே அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். அந்த அவகாசத்தை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாமா என்பதற்கு வருவோம். ஒரு காப்புரிமை ஒரு கண்டுபிடிப்புக்குத்தான். ஒரே கருத்தால் பிணைக்கப்பட்ட கண்டுபிடிப்புகளாக இருந்தால் சேர்க்கலாம். உங்கள் வரைபடத்தில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கிறது, வேகத்தைத் திருத்தும் பகுதி பம்ப்புக்குள் இருக்கிறது. பெட்டி அளக்கிறது, பம்ப் திருத்துகிறது என்ற அளவில் இவை ஒரே கருத்தின் இரு பாதிகள். ஒரே விண்ணப்பம் போதும். பெட்டியில் நீங்கள் செய்திருக்கும் இன்னொரு வேலை இருக்கிறது: நான்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களை, வண்டியில் குலுங்கினாலும் முனைகள் தளராதபடி, சாய்வான பள்ளங்களில் உட்காரவைத்திருப்பது. அதற்கும் பம்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது புதியதுதானா என்று தேடிப் பார்த்த பிறகு தனியாக விண்ணப்பியுங்கள். நான்கு செல்களை வரிசையாக இணைத்து 12.8 வோல்ட் எடுப்பதையெல்லாம் புதுமை என்று எழுதி வைக்காதீர்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் முதல் வரியிலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

இனி உங்கள் ஆலோசகர். 15 நாளில் காப்புரிமை வாங்கித் தருவது சட்டப்படியே இயலாத காரியம். விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியாகி ஆறு மாதம் முடியும் முன் காப்புரிமை வழங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, ஏனென்றால் எதிர்ப்புத் தெரிவிக்க விரும்புவோருக்கு அவகாசம் வேண்டும். அப்படியானால் 15 நாளில் அவர் என்ன சான்றிதழ் தருவார்? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, பணம் கட்டிய ரசீது. விண்ணப்ப எண் அச்சிட்டிருக்கும், மஞ்சள் மார்க்கரில் கோடும் போட்டுத் தருவார்கள். இரண்டாவது, விண்ணப்பம் இதழில் வெளியான பக்கம். வெளியாவதும் வழங்கப்படுவதும் ஒன்றல்ல. பதவி உயர்வுக்குப் புள்ளி தேடும் கல்லூரி ஆசிரியர்கள் ஒரு விண்ணப்பத்தில் எட்டுப் பேர் பெயரைச் சேர்த்துக்கொண்டு, வெளியான பக்கத்தையே காப்புரிமை என்று சுவரில் மாட்டும் வழக்கத்தை இந்த இடைத்தரகர்கள்தான் வளர்த்தார்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. அது 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பெறும் பதிவு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தெளிப்பான் தயாரிப்பாளர் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழைப் பெருமையோடு என்னிடம் கொண்டுவந்தார். போட்டியாளர் ஒருவர் தன் கருவியை அப்படியே காப்பியடிக்கிறார், வழக்குப் போட வேண்டும் என்றார். கண்ணாடியைக் கழற்றிப் படித்தேன். புதுமை அந்தப் பெட்டியின் வடிவத்தில் மட்டுமே உள்ளது என்றும், இயந்திரச் செயல்பாட்டுக்கோ கட்டமைப்பின் தத்துவத்துக்கோ இந்தப் பதிவால் எந்த உரிமையும் கோரப்படவில்லை என்றும் இணைத்திருந்த படத்தாளிலேயே எழுதியிருந்தது. போட்டியாளர் உள்ளே இருந்ததை அப்படியே எடுத்து, வெளிப் பெட்டியை மட்டும் உருண்டையாகச் செய்திருந்தார். அவர் மேல் வழக்குப் போட வழியே இல்லை. அந்தச் சான்றிதழுக்குத் தெளிப்பான் தயாரிப்பாளர் கொடுத்த தொகையைச் சொன்னால் உங்களுக்கு 48,000 மலிவாகத் தெரியும் என்பதால் சொல்லவில்லை.

'உலகக் காப்புரிமை' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒன்று கிடையாது. பெரும்பாலும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். இன்னொரு சூழ்ச்சி, முதல் படிவத்தில் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஆலோசகர் தன் பெயரையோ தன் நிறுவனத்தின் பெயரையோ எழுதிவிடுவது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு பெற்ற காப்புரிமை முகவர் ஒவ்வொருவருக்கும் ஐஎன்/பிஏ என்று தொடங்கும் எண் உண்டு; காப்புரிமை அலுவலக இணையதளத்தில் முகவர்களின் பட்டியல் இருக்கிறது. எண்ணைக் கேளுங்கள். 'எங்கள் ஆபீஸில் இருக்கிறார்' என்று பதில் வந்தால் அந்த ஆளையே நேரில் பார்க்கக் கேளுங்கள்.

அரசுக் கட்டணம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், நேரில் தாளாகக் கொடுத்தால் 1,750 ரூபாய். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்கு இணையவழியில் 4,000 ரூபாய். முப்பது பக்கத்துக்கும் பத்து உரிமைக்கோரலுக்கும் உள்ளே நிறுத்திக்கொண்டால் கூடுதல் கட்டணம் இல்லை. மிச்சமெல்லாம் முகவர் எழுதும் உழைப்புக்கான கூலி. நன்றாக எழுதும் முகவருக்கு அதைக் கொடுக்கலாம். உங்களுக்கு இப்போது தேவை தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரித்து முதலில் தாக்கல் செய்யும் ஆவணம். அதில் மின்னோட்ட முறையை முழுமையாக எழுதுங்கள். எழுதாத விஷயத்துக்கு, அதைத் தாக்கல் செய்த தேதி கிடைக்காது. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பரிசோதனைக் கோரிக்கைக்கு முன்பு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 முதல் 31 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அவகாசத்தைக் குறைக்கும் சுறுசுறுப்பு விண்ணப்பதாரரிடம் மட்டுமே காட்டப்படுகிறது. பரிசோதகரின் முதல் அறிக்கை வர எவ்வளவு நாளாகும் என்று கேட்காதீர்கள். வந்தால் பதில் சொல்ல உங்களுக்கு ஆறு மாதம். அந்த அறிக்கையில் பாதி, வேறு யாருக்கோ எழுதிய ஆட்சேபங்களாக இருந்தாலும் பொறுமையாகப் பதில் எழுத வேண்டியதுதான்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது, தமிழ்நாட்டு விண்ணப்பங்களை அங்கேதான் வாங்குகிறார்கள், ஆனால் தமிழில் எழுதினால் ஏற்கமாட்டார்கள். சொந்த மொழியில் தன் கருவியைத் துல்லியமாக விளக்கத் தெரிந்த எத்தனையோ பட்டறைக்காரர்கள் இடைத்தரகர் கையில் சிக்குவதற்கு இந்த ஒரு விதியே போதுமான காரணம். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்று: பம்ப் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு பம்ப் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பணியாளரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று நம் காப்புரிமைச் சட்டம் நேராகச் சொல்வதில்லை. பணி நியமன ஒப்பந்தம்தான் பேசும். அந்த ஆணையை எடுத்து, கண்டுபிடிப்புகள் பற்றிய வரி இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். இருந்தால், விண்ணப்பிக்கும் முன் காப்புரிமைச் சட்டம் தெரிந்த, என்னைப் போன்ற ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தொழிற்சாலையின் கருவிகளையோ நேரத்தையோ பயன்படுத்தவில்லை என்பதற்கு உதிரிப்பாக ரசீதுகளைத் தேதியோடு வைத்திருங்கள்.

யூடியூப் வீடியோவை நீக்க வேண்டாம். நீக்குவதால் அது வெளியான உண்மை மாறாது; என்ன காட்டினீர்கள், என்ன காட்டவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்றுதான் போய்விடும். அதன் கீழே 'ஃப்ளோ மீட்டர் இல்லாமல் எப்படி அளக்கிறீர்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை அவருக்குப் பதில் எழுதாதீர்கள்.