டெஸ்க்டாப் செயலியில் நோட்டிஃபிகேஷனும் விண்டோ பட்டன்களும் பயனரின் வேலையைக் கெடுக்காமல் இருக்க எப்படி வடிவமைப்பது?

ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது அவர் அடிக்கும் எழுத்து வேறு எங்கும் போய்விடக் கூடாது. எனக்கு முதல் விதி இதுதான். எந்த மூலையில் காட்டுவது, என்ன நிறம், எத்தனை விநாடி என்பதையெல்லாம் இதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை லாரியில் வந்து இறங்கியதும் எடை போட வேண்டும். சாக்கு எடையைக் கழித்து, மழை நாளென்றால் ஈரத்துக்கும் கழித்து, விவசாயியின் எண்ணோடு பதிய வேண்டும். எடை போடுபவரின் கண் தராசில் இருக்கும், கை நம்பர் பட்டன்களில் ஓடும். எண், என்டர், அடுத்த எண், என்டர். திரையை அவர் நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். அந்த நேரத்தில் நடுவில் ஒரு பெட்டி திறந்து "இப்போது அப்டேட் செய்யலாமா?" என்று கேட்டால், எடைக்காக அவர் தட்டிய என்டர் அந்தக் கேள்விக்குப் பதிலாகிவிடும். அந்த மூட்டையின் எடை எங்கும் ஏறியிருக்காது. ஒரு தொழிற்சாலையில் முன்பு வைத்திருந்த மென்பொருள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அங்கே எடை போட்ட பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, எது வேணும்னாலும் சொல்லட்டும். நான் அடிச்சிட்டு இருக்கறப்ப குறுக்க மட்டும் வரக் கூடாது." ஒரு மூட்டை விட்டுப்போனால் ஒரு குடும்பத்தின் பணம் குறைகிறது. அதனால் இதை அழகுப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியாது.

இயங்குதளங்கள் இதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கின்றன. பின்னால் இருக்கும் செயலி தானாக முன்னால் வர முயன்றால், விண்டோஸ் பெரும்பாலும் அதைத் தடுத்து டாஸ்க்பாரில் அதன் ஐகானை மட்டும் மின்ன வைக்கும். லினக்ஸில் பயன்படும் கேடிஇ டெஸ்க்டாப்பில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு; எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்று பயனரே தேர்ந்தெடுக்கலாம். இவற்றைச் சுற்றிக்கொண்டு போக, 'எப்போதும் மேலே' என்று விண்டோவை ஒட்டிவைக்கும் தந்திரத்தைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

2009 ஏப்ரலில் வந்த உபுண்டு 9.04 என்ற லினக்ஸ் பதிப்பு ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. அதன் நோட்டிஃபிகேஷன் குமிழியில் பட்டனே கிடையாது. மவுஸை அருகே கொண்டுபோனால் குமிழி மங்கிவிடும். கிளிக் செய்தால் அடியில் இருக்கும் விண்டோவுக்கே போகும். பலர் குறை சொன்னார்கள். ஆனால் அதன் அடிப்படை சரி என்றே இன்றும் நினைக்கிறேன்: சில விநாடிகளில் மறையப்போகிற ஒன்றில், முடிவெடுக்க வேண்டிய கேள்வியை வைக்கக் கூடாது. பதில் கட்டாயம் வேண்டுமென்றால், பயனர் தானாக வந்து பார்க்கும் வரை அது ஓர் இடத்தில் காத்திருக்கட்டும்.

தராசின் கேபிள் கழன்றுவிட்டது, பிரிண்டரில் தாள் தீர்ந்தது போன்றவற்றை நான் நோட்டிஃபிகேஷனாகவே அனுப்புவதில்லை. எடை எழுதும் கட்டத்திலேயே நிறம் மாறி, காரணமும் அங்கேயே தெரியும். சரிசெய்யும் வரை அடுத்த எண்ணை அது வாங்காது. ஒலியை நம்ப வேண்டாம். இலை அரைக்கும் இயந்திரங்கள் ஓடும் கட்டடத்தில் 'டிங்' சத்தம் யார் காதிலும் விழாது.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்கான ஃப்ரீடெஸ்க்டாப் விதிமுறையில் அவசரத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. அதில் மிக அவசரமானது தானாக மறையக் கூடாது. அந்த நிலையை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் பயனர் மொத்தத்தையும் அணைத்துவிடுவார். முன்பு அனுப்பிய குமிழியையே புதிய செய்தியால் மாற்றும் வசதியும் அதில் இருக்கிறது. நாற்பது பதிவுகள் சர்வருக்குப் போனால் நாற்பது குமிழி எதற்கு? ஒன்றிலேயே எண்ணிக்கை ஏறினால் போதும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பயனரின் சிஸ்டத்துக்கே விடுங்கள். விண்டோஸில் இயல்பாக 5 விநாடி; மெதுவாகப் படிப்பவர்கள் அதை 5 நிமிடம் வரை நீட்டிக்கொள்ளலாம்.

தமிழில் செய்தி எழுதுபவர்களுக்கு இன்னொன்று. நம் வாக்கியத்தில் 'ஆயிற்றா, ஆகவில்லையா' என்பது கடைசியில்தான் வரும். குமிழியில் இடம் போதாமல் "இன்றைய கணக்கு சர்வரில் பதிவா…" என்று வெட்டுப்பட்டால், படிப்பவர் பதிவாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். அதனால் தோல்விச் செய்திகளை "தோல்வி: இன்றைய கணக்குப் பதிவு" என்று தலைகீழாக எழுதுகிறேன். இலக்கண அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

விண்டோவை மூடும், சுருக்கும், விரிக்கும் பட்டன்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவற்றை இயங்குதளம் வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 2010-இல் உபுண்டு 10.04 அவற்றை இடப்பக்கம் மாற்றியபோது பெரிய வாக்குவாதம் நடந்தது, 17.10 பதிப்பில் மீண்டும் வலப்பக்கமே வந்தன. கை பழகிய இடத்தை மாற்றுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். ஒரு குறி சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அதைத் தொட நேரம் கூடும் என்பது 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் காட்டிய விதி. திரையின் விளிம்பும் மூலையும் மவுஸைத் தடுத்து நிறுத்துவதால் அங்கே இருக்கும் பட்டன் எளிதில் கிடைக்கும். ஆகவே விண்டோவை முழுத்திரைக்கு விரித்தால், மூடும் பட்டன் மூலையின் கடைசிப் புள்ளி வரை நீள வேண்டும். நீங்களே தலைப்புப் பட்டையை வரைந்தால் பலரும் விட்டுவிடுகிற இடம் இது.

நோட்டிஃபிகேஷனை மூடும் பெருக்கல் குறியையும் சின்னதாக வைக்காதீர்கள். இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான அணுகல் விதிகளில் (WCAG), 2023-இல் வந்த பதிப்பு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் கேட்கிறது. டெஸ்க்டாப்புக்கும் நான் அதையே குறைந்தபட்ச அளவாக வைத்து, பொதுவாக இன்னும் பெரிதாகத்தான் வரைகிறேன். மார்கழிக் காலைகளில் இங்கே விரல் விறைத்துப்போய்த்தான் மவுஸைப் பிடிக்கிறார்கள். அதோடு, மூடும் குறிக்குப் பக்கத்திலேயே 'அழி' போன்ற பட்டனை வைக்காதீர்கள்; இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டன் அகலமாவது வெற்றிடம் விடுங்கள்.